பந்து கையில் இல்லாத 36 நிமிடங்கள்

சாயங்காலம் ஐந்து மணி. பள்ளி மைதானத்து சிமென்ட் தரையில் சூடு இன்னும் இறங்கவில்லை. பதினாறு வயதுக்கு உட்பட்டோருக்கான கூடைப்பந்து ஆட்டம், கடைசி குவார்ட்டர், இரண்டு புள்ளிதான் வித்தியாசம். கோட்டுக்கு வெளியே நின்ற ஒரு அப்பா தொண்டை கிழியக் கத்துகிறார்: "யாருக்கும் குடுக்காதடா, நீயே போடு!" பையனும் அப்படியே செய்தான். மூன்று பேர் சூழ்ந்து நிற்க, அவர்கள் கைகளுக்கு மேலாக எறிந்தான். பந்து ரிங்கில்கூடப் படவில்லை. அதே நேரத்தில் வலது மூலையில் அவன் அணிக்காரன் ஒருவன், பக்கத்தில் ஆளே இல்லாமல், இரண்டு கைகளையும் நீட்டியபடி நின்றுகொண்டிருந்தான்.

அந்த அப்பாவை நான் குறை சொல்லமாட்டேன். அக்கா மகன் பள்ளி அணியில் சேர்ந்த பிறகு அவன் ஆட்டங்களுக்குப் போக ஆரம்பித்தவன் நான். முதல் இரண்டு வருடம் என் கண்ணும் பந்து போன இடத்துக்கெல்லாம் போனது. பந்தைப் பார்ப்பதுதான் ஆட்டத்தைப் பார்ப்பது என்று நினைத்திருந்தேன். நான்கு வருடமாகக் குறுவட்டம், மாவட்டம், கோடை காலப் போட்டிகள் என்று விடாமல் பார்த்த பிறகு எனக்கு உறுதியாகத் தோன்றுவது ஒன்றுதான். பள்ளி வயது கூடைப்பந்தில் ஓர் அணி ஏன் ஜெயிக்கிறது என்று தெரிய வேண்டுமானால், பந்து கையில் இல்லாத நான்கு பேரைப் பார்க்க வேண்டும்.

சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். சர்வதேச விதிப்படி ஆட்டம் 40 நிமிடம், பத்து நிமிடம் வீதம் நான்கு குவார்ட்டர். இரண்டு அணிகளும் ஏறக்குறையச் சமமாகப் பந்தை வைத்திருந்தால் ஓர் அணிக்கு 20 நிமிடம். அதை ஐந்து பேர் பகிர்ந்துகொண்டால் ஆளுக்கு 4 நிமிடம். மீதி 36 நிமிடம் ஒரு பையன் பந்து இல்லாமல்தான் களத்தில் இருக்கிறான். பந்து காற்றில் பறக்கும் நேரத்தையும் கழித்தால் அந்த நான்கும் இன்னும் குறையும். உள்ளூர்ப் போட்டிகளில் குவார்ட்டர் நேரத்தைக் குறைத்து ஆடினாலும் விகிதம் மாறாது, பத்தில் ஒரு பங்குதான். ஆனால் நம் பிள்ளைகள் காலையில் எழுந்து பழகுவதில் பெரும்பகுதி அந்தப் பத்தில் ஒரு பங்குக்கு: டிரிபிள் (பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே நகர்வது), லே-அப் (ரிங்குக்குப் பக்கத்தில் ஓடிப்போய்ப் போடுவது), ஷூட்டிங். மீதி ஒன்பது பங்கில் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லிக் கொடுக்கும் அணி கிடைத்தால் அந்தப் பையனுக்கு அதிர்ஷ்டம்.

இந்த ஆட்டம் பிறந்ததே பாஸ் கொடுக்கும் ஆட்டமாகத்தான். 1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்து ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், குளிர்காலத்தில் வெளியே போக முடியாமல் அடைந்து கிடந்த மாணவர்களுக்காக ஜேம்ஸ் நைஸ்மித் என்ற கனடாக்காரர் பீச் பழக்கூடை இரண்டை மாட்டி இதை உருவாக்கினார். வகுப்பில் 18 பேர் இருந்ததால் பக்கத்துக்கு ஒன்பது பேர். அவர் எழுதிய 13 விதிகளில் ஒன்று, பந்தை வைத்துக்கொண்டு ஓடக்கூடாது, பிடித்த இடத்திலிருந்தே எறிய வேண்டும் என்பது. டிரிபிள் என்ற ஒன்றே அப்போது கிடையாது. முதல் ஆட்டத்தில் ஒரே ஒரு முறைதான் பந்து கூடையில் விழுந்தது. டிரிபிள் பிறகு ஆட்டக்காரர்களே கண்டுபிடித்துக்கொண்ட வழி. பந்தோடு தனியாக மாட்டிக்கொண்டவன் தப்பிக்கக் கண்டுபிடித்தது என்றும் சொல்லலாம்.

அந்த ஸ்பிரிங்ஃபீல்டுக்கும் நமக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1920இல் மெட்ராஸில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிய ஹாரி குரோ பக், ஸ்பிரிங்ஃபீல்டில் படித்தவர். இப்போது நந்தனத்தில் இருக்கும் அந்தக் கல்லூரியில் படித்து வெளியே வந்த உடற்கல்வி ஆசிரியர்கள் ஊர் ஊராகப் பள்ளிகளுக்குப் போனார்கள். கிரிக்கெட் மாதிரி தெருவில் வளராமல், நம் ஊரில் கூடைப்பந்து பள்ளி மைதானத்தில் வளர்ந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். இன்றும் ஒரு ஊரில் பாஸ்கெட்பால் இருக்கிறதா என்றால், அங்கே ஏதோ ஒரு பள்ளியில் அக்கறையுள்ள பி.இ.டி. சார் ஒருவர் இருக்கிறார், அல்லது இருந்திருக்கிறார் என்று அர்த்தம். அவர் மாற்றலாகிப் போனதும் ரிங்கில் வலை கிழிந்து தொங்கும் பள்ளிகளை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, பந்து இல்லாத நான்கு பேரும் என்னதான் செய்ய வேண்டும்?

முதலில், விலகி நிற்க வேண்டும். கேட்கச் சுலபம், பிள்ளைகளுக்கு இதுதான் மகா கஷ்டம். பந்து ஒரு காந்தம் மாதிரி. பன்னிரண்டு வயதுப் பையன்கள் ஆடும்போது பாருங்கள், பத்துப் பேரும் பந்தைச் சுற்றியே இருப்பார்கள். களத்தின் நீளம் 28 மீட்டர், அகலம் 15 மீட்டர். அதில் பாதியில்தான் ஓர் அணி தாக்கி ஆடுகிறது. அந்தப் பாதிக்குள் ஐந்து பேரும் நான்கைந்து மீட்டர் இடைவெளி விட்டு நின்றால், தடுக்கும் அணியும் விரிந்தே ஆக வேண்டும். அப்போதுதான் நடுவில் ரிங்குக்குப் போகப் பாதை திறக்கும். ஒருவன் பந்தோடு உள்ளே ஓடுகிறான், அவனுக்கு உதவுவதாக நினைத்து இன்னொருவனும் அவன் பக்கம் ஓடிவருகிறான் என்றால், அவன் தன்னோடு தன்னைத் தடுப்பவனையும் சேர்த்தே கூட்டிவருகிறான். உதவப் போனவன் வழியை அடைத்துவிட்டான். மூலையில் சும்மா நிற்பவன் அந்த நேரத்தில் அணிக்குப் பெரிய வேலை செய்துகொண்டிருக்கிறான், அவனைத் தடுப்பவன் அவனை விட்டு நகர முடியாது.

அடுத்தது கட். பாஸ் கொடுத்தவுடன் நின்று வேடிக்கை பார்க்காமல் ரிங்கை நோக்கி ஓடுவது. இதில் எனக்கு மிகவும் பிடித்தது பேக்-டோர் கட். தடுப்பவன் ஆர்வக்கோளாறில் பாஸை மறிக்க முன்னால் எட்டி வருகிறான் என்றால், பந்தை வாங்க வருவதுபோல் ஓரடி முன்னால் வைத்து, சட்டென்று திரும்பி அவன் முதுகுக்குப் பின்னால் ரிங்குக்கு ஓடிவிட வேண்டும். உயரமோ வேகமோ பெரிதாகத் தேவையில்லை. தடுப்பவனின் பாதத்தைப் பார்க்கும் கண்ணும், பாஸ் கொடுப்பவனோடு ஒரு புரிதலும் இருந்தால் போதும். 1996இல் அமெரிக்கப் பல்கலைக்கழகப் போட்டியில், முந்தைய ஆண்டு சாம்பியனான யு.சி.எல்.ஏ. அணியை, விளையாட்டுக்கென்று உதவித்தொகையே கொடுக்காத பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 43-41 என்று வென்றது. ஆட்டம் முடியச் சில நொடிகள் இருக்கும்போது விழுந்த அந்தக் கடைசிக் கூடை ஒரு பேக்-டோர் கட்தான். அன்று கோச்சாக இருந்த பீட் கேரில் வருடக்கணக்கில் இதையே சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். எதிரணிக்கும் அது தெரியும். தெரிந்தும் தடுக்க முடியவில்லை.

என் அக்கா மகனின் அணியில் கோச் இதற்காக ஒரு பயிற்சி வைத்திருந்தார். அரை மணி நேரம் ஆட்டம், டிரிபிள் ஒன்றுகூடப் போடக்கூடாது. முதல் நாள் பையன்கள் தவித்துப்போனார்கள். பந்து கைக்கு வந்ததும் பழக்கத்தில் தரையில் தட்டிவிடுவார்கள், உடனே விசில், பந்து மறு அணிக்கு. மூன்றாவது நாள் ஒரு மாற்றம் தெரிந்தது. பந்தை வைத்திருப்பவனால் நகர முடியாது என்பதால், மற்ற நான்கு பேரும் தாங்களாகவே நகரத் தொடங்கினார்கள். "இங்க, இங்க" என்ற குரல்கள் நான்கு திசையிலிருந்தும் வந்தன. நைஸ்மித்தின் பழைய விதி இத்தனை வருடம் கழித்து நம் ஊர்ப் பையன்களுக்குப் பாடம் எடுத்தது.

ஒரு பாஸ் அதிகமாகக் கொடுப்பது ஏன் லாபம் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே, அதாவது 6.75 மீட்டருக்கு அப்பாலிருந்து பத்து முறை எறிந்தால் இரண்டு விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். 6 புள்ளி. அதே பையன் ரிங்குக்குப் பக்கத்தில், தடுக்க ஆளில்லாமல் பத்து முறை எறிந்தால் ஆறு விழும். 12 புள்ளி. இரட்டிப்பு. அந்த இரட்டிப்பை உண்டாக்குவது எறிபவனின் திறமை மட்டுமில்லை, அவனுக்கு அந்த இடத்தில் பந்தைக் கொண்டுவந்து சேர்த்த பாஸும், தடுப்பவனை வேறு பக்கம் இழுத்த இன்னொருவனின் ஓட்டமும்தான். நம் ஊரில் பெரும்பாலான ஆட்டங்கள் திறந்தவெளிக் களத்தில் நடப்பதால் காற்று வேறு தூரத்திலிருந்து எறியும் பந்தைத் தள்ளிவிடும். தூரத்திலிருந்து எறிந்தே பேர் வாங்கிய அமெரிக்க ஆட்டக்காரர் ஸ்டெஃபன் கரியைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு வரும் பையன்களிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பது ஒவ்வொரு கோச்சுக்கும் தனிப் போராட்டம்.

ஆட்டத்தின் வெற்றி தோல்வியை எது தீர்மானிக்கிறது என்று டீன் ஆலிவர் என்ற அமெரிக்கப் புள்ளிவிவர ஆய்வாளர் நான்கு காரணங்களாகப் பிரித்தார்: எறிவது எவ்வளவு துல்லியமாக விழுகிறது, எறியாமலே பந்தை எத்தனை முறை பறிகொடுக்கிறோம், ரீபவுண்ட் (விழாமல் திரும்பும் பந்தை எடுப்பது), ஃப்ரீ த்ரோ (எதிரணி ஃபவுலுக்காகத் தடையில்லாமல் எறியக் கிடைக்கும் வாய்ப்பு). பெரியவர்கள் ஆட்டத்தில் முதலாவதுக்குத்தான் அதிக எடை என்றார் அவர். பள்ளி ஆட்டங்களில் என் அனுபவம் வேறு மாதிரி. இங்கே பந்தைப் பறிகொடுப்பதுதான் அணிகளைக் கொல்கிறது. மூன்று பேருக்கு நடுவே டிரிபிள் போட்டு இழப்பது, பார்க்காமல் வீசும் பாஸ், விதிப்படி எட்டு நொடிக்குள் பாதிக் களத்தைத் தாண்ட முடியாமல் நிற்பது. எறிந்து தவறினாலாவது ரீபவுண்ட் கிடைக்க வாய்ப்பிருக்கிறது. பறிகொடுத்தால் அதுவும் இல்லை, பெரும்பாலும் எதிரணிக்கு நேராக ஒரு லே-அப்தான். இரண்டு சமமான அணிகள் மோதும்போது எது ஜெயிக்கும் என்று யாராவது கேட்டால், எந்த அணியில் பந்து இல்லாதவர்கள் பந்து வைத்திருப்பவன் பார்வையில் படும்படி இடம் தேடி நகர்கிறார்களோ அது என்பேன். அவனுக்கு எப்போதும் இரண்டு பக்கமும் பாஸ் கொடுக்க ஆள் தெரியும், பதற்றம் வராது.

தடுப்பாட்டத்துக்கு வந்தால் கபடி தெரிந்தவர்களுக்கு நான் சொல்வது சட்டென்று புரியும். ரெய்டர் உள்ளே வரும்போது தடுப்பவர்கள் கைகோத்து ஒரு வளையமாக நகர்வார்கள். ஒருவன் அவசரப்பட்டுத் தனியாகப் பாய்ந்தால் அவன் விட்டுப்போன இடைவெளியிலேயே ரெய்டர் கோட்டுக்குத் திரும்பிவிடுவான். கூடைப்பந்திலும் அதேதான், கை மட்டும் கோத்திருக்காது. பந்து வலப்பக்கம் இருந்தால் இடப்பக்கத்தில் நிற்கும் தடுப்பாளன் தன் ஆளோடு ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது, நடுவுக்கு ஓரிரு அடி சரிந்து நிற்க வேண்டும். முன்னால் நிற்பவன் ஏமாந்தால் இவன் போய் மறிக்க வேண்டும். இவன் விட்டுவிட்டு வந்த ஆளை மூன்றாமவன் எடுக்க வேண்டும். இதையெல்லாம் செய்ய வாய் திறக்க வேண்டும். "ஹெல்ப் இருக்கேன்", "ஸ்கிரீன் வருது, இடது பக்கம்" (தடுப்பவன் வழியில் எதிரணி ஆள் ஒருவன் அசையாமல் நின்று மறிப்பதுதான் ஸ்கிரீன்), "மேன் எடு" என்று சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும் அணி நல்ல அணி. நான் இப்போதெல்லாம் ஆட்டத்துக்குப் போனால் முதல் ஐந்து நிமிடம் எந்த அணி அதிகம் பேசுகிறது என்று கவனிக்கிறேன். கடைசிக் குவார்ட்டரில் களைப்பில் அந்தச் சத்தம் நின்றுபோனால், அணி உடையத் தொடங்கிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

ரீபவுண்ட் பற்றி ஒரு பெரிய தவறான எண்ணம் உண்டு, அது உயரமானவன் வேலை என்று. எறிந்த பந்து காற்றில் இருக்கும் அந்த ஒன்றரை நொடியில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான பையன்கள் அண்ணாந்து பந்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். சொல்லிக் கொடுத்து வளர்த்த பையன் பந்தைப் பார்க்க மாட்டான். தான் தடுத்துக்கொண்டிருந்த ஆளைத் தேடி, ஒரு காலை அவன் முன்னால் வைத்து, திரும்பி, இடுப்பைத் தாழ்த்தி, முதுகை அவன் மார்பில் வைத்து நின்றுவிடுவான். பாக்ஸ் அவுட். பிறகுதான் பந்து. ஐந்து பேரும் இப்படிச் செய்தால் பந்து தரையில் விழுந்து எழும்பினாலும் பரவாயில்லை, அது நம்முடையதுதான். உயரத்தில் ஒரு சாண் குறைவான அணி ரீபவுண்டில் ஜெயிப்பது இப்படித்தான். இதில் வேடிக்கை என்னவென்றால், பாக்ஸ் அவுட் செய்தவனுக்குப் பந்து கிடைக்காமலே போகலாம். அவன் மறித்து வைத்ததால் இன்னொருவன் சுலபமாக எடுத்துவிட்டுப் போவான். கைதட்டல் அவனுக்கு.

இங்கேதான் சிக்கலின் வேர் இருக்கிறது. போட்டியில் டேபிளில் உட்கார்ந்து எழுதும் அதிகாரபூர்வ ஸ்கோர் ஷீட்டைப் பார்த்திருக்கிறீர்களா? அதில் யார் எத்தனை புள்ளி, யார் எத்தனை ஃபவுல், எந்த அணி எத்தனை டைம் அவுட் என்றுதான் இருக்கும். பாஸுக்கு இடமில்லை, ரீபவுண்டுக்கு இடமில்லை, பாக்ஸ் அவுட்டுக்கும் ஸ்கிரீனுக்கும் எங்கேயும் இடமில்லை. பெரிய லீக்குகளில் இதையெல்லாம் எண்ணத் தனி ஆட்கள் உண்டு. குறுவட்டப் போட்டியில் எழுதுபவர் ஒருவர் கிடைப்பதே பெரிது. அதனால் ஒரு பையனின் ஆட்டம் காகிதத்தில் வெறும் புள்ளியாகத்தான் மிஞ்சுகிறது. "மேட்ச் எப்படி?" என்று வீட்டில் கேட்பதில்லை, "எத்தனை போட்ட?" என்றுதான் கேட்கிறோம்.

தேர்வு முறையும் இதையே கூட்டுகிறது. மாவட்ட அணிக்கான தேர்வில் ஒருவரையொருவர் முன்பின் தெரியாத பிள்ளைகளை ஐந்து ஐந்தாகப் பிரித்து ஆடவிடுகிறார்கள். பத்து நிமிடம் ஆட்டம், அதற்குள் தேர்வாளர் கண்ணில் பட வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தில் பாஸ் கொடுத்துவிட்டால் பந்து திரும்பி வருமா என்பது தெரியாது. நம்மில் எத்தனை பேர் கொடுப்போம்? மாநில அணியில் ஆடிய சான்றிதழுக்குப் பொறியியல் படிப்பில் இடம் உண்டு, அரசு வேலையில் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீடு உண்டு. சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைக்கு இது வாழ்க்கைப் பிரச்சினை. சுயநலமாக ஆடுகிறான் என்று அவனைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. அவன் எதற்கு மதிப்பு என்று நாம் காட்டினோமோ அதைச் செய்கிறான். மாற வேண்டியது தேர்வாளர் எதைப் பார்க்கிறார் என்பது. சில கோச்சுகள் இப்போது தேர்வு ஆட்டத்தில் ஒரு பையனைப் பந்து இல்லாதபோதும் பின்தொடர்ந்து குறிப்பெடுப்பதைப் பார்க்கிறேன். அது பரவ வேண்டும்.

எண்ணாததை எண்ணியவர்கள் நன்றாக ஆடியிருக்கிறார்கள். வட கரோலினா பல்கலைக்கழகத்தில் 1961 முதல் 1997 வரை கோச்சாக இருந்த டீன் ஸ்மித், கூடை விழுந்தவுடன் போட்டவன் பாஸ் கொடுத்தவனை நோக்கி விரலை நீட்ட வேண்டும் என்று பழக்கினார். கூட்டத்தின் கண் ஒரு நொடி அந்தப் பக்கம் திரும்பும். இன்னொரு பழக்கமும் வைத்திருந்தார். களைத்துப்போனவன் கையை மடக்கி உயர்த்திக் காட்டினால் உடனே மாற்றுவார், மூச்சு வாங்கியதும் அவனே கேட்டு உள்ளே திரும்பலாம். களைப்பை மறைத்துக்கொண்டு ஆட வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. நம் பள்ளி அணிகளில் முதல் ஐந்து பேரை வெயிலில் கடைசிவரை ஓடவிட்டு, பென்ச்சில் ஏழு பேரை உட்கார வைத்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

திறமைசாலிகளைச் சேர்த்துவிட்டால் அணி ஆகிவிடாது என்பதற்கு 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். டிம் டங்கன், ஆலன் ஐவர்சன், இளம் வயது லெப்ரான் ஜேம்ஸ் எல்லாரும் இருந்த அமெரிக்க அணி முதல் ஆட்டத்திலேயே போர்ட்டோ ரிக்கோவிடம் 73-92 என்று தோற்றது. அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் 81-89. தங்கம் வென்ற அந்த அர்ஜென்டினா அணியில் பலர் இளைஞர் அணிக் காலத்திலிருந்தே ஒன்றாக ஆடி வந்தவர்கள். அமெரிக்க அணியோ சில வாரங்களில் சேர்க்கப்பட்டது. நமக்கும் ஒரு நாள் உண்டு. 2014இல் வூஹானில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்திய ஆண்கள் அணி சீனாவை அதன் மண்ணிலேயே 65-58 என்று வென்றது. சீனாவை 58 புள்ளியில் நிறுத்தியது என்பதைக் கவனியுங்கள், தனி ஒருவரால் செய்யக்கூடிய காரியமா அது?

சின்ன வயதுப் போட்டிகளைப் பற்றி ஒரு மனக்குறையைச் சொல்ல வேண்டும். பதின்மூன்று வயதுக்கு உட்பட்டோர் ஆட்டத்தில் சோன் (ஆளைப் பின்தொடராமல் ஆளுக்கொரு இடத்தைக் காப்பது) போட்டு ஜெயிப்பது மிகச் சுலபம். ரிங் 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அந்த வயதில் தூரத்திலிருந்து எறிய வலு கிடையாது. ஐந்து பேரையும் ரிங்குக்குக் கீழே கோட்டை மாதிரி நிறுத்திவிட்டால் எதிரணியால் எதுவும் செய்ய முடியாது. அதேபோல டிரிபிள் சரியாக வராத பிள்ளைகள்மேல் முழுக் களத்திலும் பிரஸ் போட்டால், அதாவது நெருங்கி நின்று மறித்தால், பந்து பாதியைக்கூடத் தாண்டாது. கோப்பை கிடைக்கும். ஆனால் அந்தப் பிள்ளைகள் ஒரு ஆளைப் பொறுப்பெடுத்துத் தடுக்கவோ, உதவிக்கு நகரவோ கற்றுக்கொள்வதில்லை, பதினாறு வயதில் எதிரணிக்கு எறியும் வலு வந்ததும் தடுமாறுகிறார்கள். ஜப்பானில் பதினைந்து வயது வரை மேன்-டு-மேன், அதாவது ஆளுக்கு ஆள் தடுப்புதான் ஆட வேண்டும் என்று விதியே கொண்டுவந்தார்கள். மினி பாஸ்கெட்பாலில் ரிங்கை 2.60 மீட்டருக்கு இறக்கி, சிறிய பந்து கொடுக்கிறார்கள். இங்கேயும் சில பயிற்சி மையங்களில் அப்படி ரிங் வைத்திருக்கிறார்கள். எல்லாப் பள்ளிகளிலும் வர வேண்டும் என்பது என் ஆசை.

நல்ல அணி ஆட்டம் எப்படி இருக்கும் என்று பிள்ளைகளுக்குக் காட்ட வெளிநாடு போக வேண்டியதில்லை. கோடையில் பெரியகுளத்துக்குக் கூட்டிப் போங்கள். சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் அகில இந்தியப் போட்டிக்கு வங்கி அணிகளும் ராணுவ அணிகளும் வந்து ஆடும். கோயம்புத்தூரில் நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பை இருக்கிறது. விளக்கு வெளிச்சத்தில், களத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்கலாம். சென்னையில் சாதாரணக் குடும்பத்தில் பிறந்து, 19 வயதில் இந்தியப் பெண்கள் அணிக்குக் கேப்டனாகி, 2021இல் பத்மஸ்ரீ பெற்ற அனிதா பால்துரை போன்றவர்கள் இப்படிப்பட்ட உள்ளூர்க் களங்களிலிருந்து வந்தவர்கள்தான். பெண் பிள்ளைகளின் ஆட்டங்களுக்குக் கூட்டம் குறைவாக வருகிறது. ஆனால் பாஸும் கட்டும் பார்க்க வேண்டுமென்றால் நான் பார்த்தவரை அங்கேதான் அதிகம். தனியாகத் தாவி முடிக்க முயல்வது குறைவு, ஆளைத் தேடிக் கொடுப்பது அதிகம்.

உங்கள் ஊர்ப் பிள்ளைகளின் ஆட்டத்துக்கு அடுத்த முறை போகும்போது ஒன்று செய்து பாருங்கள். ஒரு குவார்ட்டர் முழுக்கப் பந்தை விட்டுவிட்டு ஒரே ஒரு பையனை மட்டும் பாருங்கள். அவன் அணியின் நட்சத்திரமாக இருக்கக் கூடாது. முதல் ஓரிரு நிமிடம் கண் தானாகப் பந்துக்கு ஓடும், பிடித்து இழுத்து வர வேண்டும்.

போன மாதம் நான் அப்படிப் பார்த்தது ஒன்பதாம் நம்பர் பனியன் போட்ட ஒரு ஒல்லிப் பையனை. கையில் சின்ன நோட்டு வைத்திருந்தேன். அந்தக் குவார்ட்டரில் அவன் ரிங்கை நோக்கி ஒரு தடவைகூட எறியவில்லை. இரண்டு முறை ஸ்கிரீன் போட்டான், இரண்டிலும் அவன் தோளை உரசிக்கொண்டு ஓடிய அக்கா மகனுக்கு வழி கிடைத்தது, ஒன்று கூடையானது. தன்னைவிட ஒரு தலை உயரமான பையனை நான்கு முறை முதுகால் மறித்து நிறுத்தினான், நான்கு ரீபவுண்டும் அவன் அணிக்கே வந்தன, அவன் கைக்கு ஒன்றுதான். எதிரணி ஃபாஸ்ட் பிரேக்கில் ஓடியபோது, மற்றவர்கள் நடந்துவர, இவன் மட்டும் முழுக் களமும் ஓடி ரிங்குக்குக் கீழே போய் நின்றான். பந்தோடு வந்த எதிரணிப் பையன் இவனைப் பார்த்துத் தயங்கி லே-அப்பைத் தவறவிட்டான். கோட்டுக்கு வெளியே போகவிருந்த ஒரு பந்தைப் பாய்ந்து உள்ளே தட்டிவிட்டு சிமென்ட்டில் முட்டியைத் தேய்த்துக்கொண்டான்.

விசில் ஊதியதும் பென்ச்சில் போய் உட்கார்ந்து முட்டியில் தண்ணீர் ஊற்றிக் கழுவினான். அப்போதுதான் அவன் அப்பா வேலையிலிருந்து நேராக, ஹெல்மெட்டைக் கழற்றாமலே வந்து சேர்ந்தார். ஸ்கோர் போர்டைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "எம்பையன் எத்தனை பாயிண்ட் போட்டான் சார்?"

"இன்னும் ஒண்ணும் போடலைங்க" என்றேன். அவர் முகம் கொஞ்சம் வாடியது. "இப்படி உக்காருங்க" என்று பக்கத்தில் இடம் விட்டு, நோட்டைத் திறந்து முதல் வரியிலிருந்து அவருக்குப் படித்துக் காட்டினேன்.